முள் இறங்கினால் உசுரு பூட்ச்சு

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை வண்டி ஓட்டுகிற அத்தனை பேரும் ரோட்டைப் பார்த்துத்தான் ஓட்டுகிறார்கள். சிலர் செல்போனைப் பார்த்து ஓட்டுகிறார்கள், அவர்களை விடுங்கள். எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள்ளைப் பார்த்து வண்டி ஓட்டுகிற மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கம்பெனி வேன் டிரைவர் ஜுரம் அண்ணன். இதை நான் பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வேனில் தினமும் போய்வந்து எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறியதுதான் மிச்சம்.

அப்போது எனக்கு சிறுசேரியில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை. வீடு திருப்போரூர். ஜுரம் அண்ணனுக்கு நெம்மேலி. மீன்பிடிக்கிற குடும்பம். "அப்பன், அண்ணன், தம்பி எல்லாரும் கடலுக்குப் போறான். எனக்குப் படகு ஒரு ஆட்டம் ஆடினா கொடலே வெளிய வந்துடும்மா. அதான் ஸ்டீரிங்கைப் புடிச்சிட்டேன்" என்பார். காலையில் நெம்மேலியில் வண்டியை எடுத்து, திருப்போரூரில் என்னை ஏற்றி, கேளம்பாக்கத்தில் ஒரு கூட்டத்தை அள்ளிக்கொண்டு போய்க் கம்பெனி வாசலில் இறக்குவார். மேடு கிடையாது, மலை கிடையாது. அந்த வேன் ஏறி இறங்கிய அதிகபட்ச உயரம் ஸ்பீடு பிரேக்கர்தான்.

ஸ்பீடு காட்டுகிற மீட்டருக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு மீட்டர் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் முள் நடுவில் நின்றால் எஞ்சின் நலம். மேலே போனால் கொதிக்கிறது. மற்ற டிரைவர்கள் அதை வாரத்துக்கு ஒரு தடவை பார்த்தாலே அதிகம். இவர் கண்ணை எடுக்கவே மாட்டார். முன்னால் எருமை வந்தால் நாங்கள்தான் "எருமை, எருமை" என்று கத்த வேண்டும். வண்டி எங்கே நின்றாலும் இறங்கிப் போய், புறங்கையை பானெட் மேல் வைத்துப் பார்ப்பார். கண்ணை மூடிக்கொள்வார். பிறகு எங்களிடம் வந்து, "லேசா ஜுரம் அடிக்குது" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார். பெயர் அப்படித்தான் வந்தது. அசல் பெயர் என்ன என்று நான் யாரைக் கேட்டும் தெரியவில்லை.

ஜுரம் அடித்தால் வைத்தியம் எங்களுக்குத்தான். முதலில் ஏசி நின்றுபோகும். சித்திரை வெயிலில், கேளம்பாக்கம் சிக்னலில், கண்ணாடி மூடிய வேனுக்குள் நாங்கள் அவிந்துகொண்டிருப்போம். "அண்ணே, ஏசியைப் போடுங்கண்ணே, செத்துடுவோம்" என்று கெஞ்சினால், "நீங்க ஜன்னலைத் தொறந்துக்கலாம். அது எங்க போவும்? அதுக்கு யார் கீறாங்க?" என்பார். ஒருநாள் புதிதாக வந்த மேனேஜர் அவசரம் என்று எங்கள் வேனில் ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பைச் சார்ஜில் போட்டார். முள் ஒரு நூல் ஏறியதாம். ஜுரம் அண்ணன் வண்டியை ஓரம் கட்டினார்.

"சார், அந்த ஒயரைப் புடுங்குங்க."

"எதுக்கு?"

"அது எஞ்சின்லேர்ந்து ரத்தம் உறிஞ்சிகினு கீது."

மேனேஜர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தோம். ஒயரைப் பிடுங்கிய பிறகுதான் வண்டி நகர்ந்தது. மேனேஜர் அடுத்த நாளிலிருந்து சொந்தக் காரில் வந்தார்.

கடலோரத்தில் போர்வெல் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வாயில் வைத்தால் உப்பு. அந்தத் தண்ணீர் எஞ்சினுக்கு ஆகாது என்று ஜுரம் அண்ணன் வண்டிக்கு மட்டும் கேன் தண்ணீர் வாங்குவார். ஒருநாள் அவர் மனைவியைத் திருப்போரூர் சந்நிதித் தெருவில் பார்த்தபோது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பொரிந்து தள்ளிவிட்டார். "இன்னா ஞாயம்மா இது? வண்டிக்குக் கேன் தண்ணி, எங்களுக்கு உப்புத் தண்ணி. போன மாசம் எனக்கு மூணு நாள் காய்ச்சல். இன்னான்னு கேட்டாரா? வாசல்ல அதைத் தொட்டுப் பார்த்துகினு நிக்கிறாரு!"

இந்தக் கிறுக்கு எங்கிருந்து பிடித்தது என்று விசாரித்ததில் ஒரு பழைய கதை வெளியே வந்தது. இதற்கு முந்தைய வேனில், கோவளம் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது முள் சரசரவென்று கீழே இறங்கியதாம். ஆகா, வண்டி குளுகுளுவென்று இருக்கிறது என்று இவர் சந்தோஷமாக விரட்டியிருக்கிறார். உண்மையில் ரப்பர் ஹோஸ் வெடித்து ரேடியேட்டர் தண்ணீர் மொத்தமும் ரோட்டில் கொட்டியிருக்கிறது. அந்த மீட்டர் தண்ணீரின் சூட்டைத்தான் காட்டும். தண்ணீரே இல்லாவிட்டால் அது எதைக் காட்டும்? கீழே போய்ப் படுத்துக்கொண்டது. நாலு கிலோமீட்டரில் எஞ்சின் இறுகி, நடுரோட்டில் நின்றுவிட்டது. முதலாளி திட்டிய திட்டு கடல் வரைக்கும் கேட்டதாம். அன்றிலிருந்து ஜுரம் அண்ணனுக்கு ஒரே வேதம்தான். "முள்ளு ஏறினா ஜுரம், பொழைக்க வெச்சிடலாம். எறங்கினா உசுரு பூட்ச்சு." சமதரையில் இது சரிதான். ஓடுகிற வண்டியில் முள் இறங்குகிறது என்றால் எங்கள் ஊரில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

இப்போது என் தம்பி முரளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மறைமலை நகரில் மெக்கானிக்கல் இன்ஜினியர். முப்பத்தாறு வயது. அப்பா போன பிறகு அவனுக்குக் கல்யாணம் பண்ணிவைப்பது என் தலையில் விழுந்தது. பார்த்த இடமெல்லாம் தட்டிப்போனது. ஒரு இடத்தில் வயது. ஒரு இடத்தில் முடி. ஒரு இடத்தில் எல்லாம் பேசி முடித்து, புடவை எடுக்கப் போகிற நேரத்தில் 'வேண்டாம்' என்று போனில் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகுதான் சேலத்தில் தேன்மொழி கிடைத்தாள். ஸ்கூல் டீச்சர். முரளிக்கு அவளைப் பிடித்துவிட்டது என்பதை அவன் சொல்லவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்து வாரத் தொடங்கினான், நான் புரிந்துகொண்டேன்.

தேன்மொழியின் அப்பா ஒரு தினுசு. ஏற்கெனவே ஒரு மாப்பிள்ளை வீட்டார் நிச்சயதார்த்தத்துக்கு ராகு காலத்தில் வந்து இறங்கி, அதுவே பெரிய சண்டையாகிக் கல்யாணம் நின்றுபோயிருக்கிறது. அதனால் போனில் என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். "வெள்ளிக்கிழமைங்க. பத்தரைக்கு ராகு காலம் தொடங்குது. அதுக்கு முன்னாடி தட்டு மாத்திரணும். தப்பிப்போச்சுன்னா இன்னொரு நாள் பார்த்துக்கலாங்க." இன்னொரு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று இத்தனை இடம் பார்த்த எனக்குத் தெரியாதா?

பேசாமல் ரயிலில் போய் இறங்கியிருக்கலாம். எங்கள் தாய்மாமா விடவில்லை. "சேலம் வரைக்கும் போயிட்டு ஏற்காடு பார்க்காம வர்றதா? முதல் நாளே மலைக்குப் போய்த் தங்கிடுவோம். காலைல அப்படியே இறங்கினா நேரா மண்டபம்" என்றார். அப்பா ஸ்தானத்தில் நின்று தட்டு மாற்றப் போகிறவர் அவர்தான். என்ன சொல்ல முடியும்? வேன் முதலாளியைக் கேட்டேன். வண்டி தருவதாகச் சொன்னார். "வேற டிரைவர் போடுங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றேன். "அந்த வண்டியை வேற ஆளு தொட்டா அவன் அழுவுறாம்மா" என்றார் முதலாளி. ஆக, ஜுரம் அண்ணனோடு கிளம்பினோம்.

மலை ஏறும்போது முள்ளும் ஏறியது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்! இத்தனை வருஷம் படித்ததற்கு இப்போதுதான் பரீட்சை வைத்தார்கள் என்பதுபோல, ஏசியை அணைத்து, அங்கங்கே நிறுத்தி, ஆறவைத்து, ராஜா மாதிரி மேலே கொண்டுபோய்ச் சேர்த்தார். அன்று சாயங்காலம் ஏற்காட்டில் ஒரு டீக்கடையில் லாரிக்காரர் ஒருவரிடம் பவ்யமாக யோசனையும் கேட்டுக்கொண்டார். "எந்த கியர்ல ஏறினியோ அதே கியர்ல எறங்கு. எஞ்சினே வண்டியை இழுத்துப் புடிக்கும். பிரேக்கை மிதிச்சுக்கிட்டே போனா சூடாகிப் பிரேக்கு புடிக்காம போயிரும்" என்றார் அவர். நல்ல புத்திமதி. ஜுரம் அண்ணன் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். முள்ளைப் பற்றி லாரிக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம் நேரம்!

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குக் கிளம்பினோம். சாதாரண டிரைவர் என்றால் ஒன்பதரைக்கு மண்டபம். அம்மா மடியில் பூத்தட்டு. அத்தை மடியில் பழத்தட்டு. முரளி பட்டு வேட்டி கசங்காமல் இருக்க முன் சீட்டில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். வண்டி செகண்ட் கியரில் உறுமிக்கொண்டே இறங்கியது. மூன்றாவது வளைவு திரும்பியிருப்போம்.

"பூட்ச்சு" என்றார் ஜுரம் அண்ணன்.

"என்ன போச்சு?" என்றேன் நான், பின்னாலிருந்து.

"முள்ளு எறங்குது, அக்கவுண்டம்மா."

"இறங்கினா நல்லதுதானே?"

"மனுசனுக்கு ஒடம்பு ஜில்லுனு ஆனா நல்லதா?"

அதற்குள் ஓரம் கட்டிவிட்டார். பானெட்டைத் திறந்து, ஹோஸைத் தடவி, அடியில் படுத்துப் பார்த்து எழுந்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. தண்ணீர் முழுசாக இருந்தது. சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், முகம் இன்னும் வெளுத்துப்போனது. "தண்ணியும் கீது. ஆனா எறங்குது. இது இன்னா நோவுன்னே தெரியலியேம்மா!"

எஞ்சினை நின்ற இடத்திலேயே முறுக்கினார். முள் மெல்ல மேலே வந்தது. கிளம்பினோம். அடுத்த வளைவில் மறுபடியும் இறங்கியது. மறுபடியும் ஓரம். "பார்த்தியா? நின்னா உசுரு வருது, ஓடினா போவுது" என்றார். இப்போது முரளி இறங்கினான். படித்த படிப்பு அன்றைக்காவது உதவும் என்று நினைத்தான், பாவம்.

"அண்ணே, இது சாதாரண விஷயம். கியர்ல இறங்கும்போது ஆக்ஸிலேட்டர்ல உங்க கால் இல்ல. டீசல் உள்ள போகாது. சக்கரம்தான் எஞ்சினைச் சுத்துது. அடுப்பை அணைச்சிட்டு ஃபேன் போட்டா பாத்திரம் ஆறிடுதில்ல? அது மாதிரி. எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்போ எஞ்சின் ஓடலியா?"

"ஓடுது."

"டீசல் இல்லாம?"

"ஆமாண்ணே."

"டீசல் இல்லாம ஓடுதுன்னா இன்னாத்துக்கு தம்பி நாம தெனம் பங்க்ல போய் லைன்ல நிக்கிறோம்?"

முரளி ஏறி உட்கார்ந்தான். நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்தவனை நாலு வார்த்தையில் உட்கார வைத்துவிட்டார். சொன்னது சுத்த அபத்தம்.

அடுத்த தடவை நிறுத்தியபோது வண்டிக்குக் குளிர் எடுக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். அம்மா ஏற்காட்டில் ஆசையாக வாங்கிய கம்பளிச் சால்வையைக் கேட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு முறைத்தேன். அம்மாவுக்கு இளகிய மனசு, கொடுத்துவிட்டாள். அதை ரேடியேட்டருக்கு முன்னால் இழுத்துக் கட்டினார். நிச்சயதார்த்தத்துக்குப் போகிற வேன், மூக்கில் சால்வை கட்டிக்கொண்டு மலை இறங்கியது. எதிரே வந்த பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் சிரித்தார்கள். முள் அதற்கும் ஏறவில்லை. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

பாதி மலையில் நிற்கும்போது தேன்மொழியின் அப்பாவிடமிருந்து போன் வந்தது. "எங்கங்க வர்றீங்க?"

"வந்துட்டே இருக்கோம் சார், பக்கத்துல."

"பக்கத்துலன்னா எங்கங்க? மணி ஒம்பதே முக்கால் ஆச்சுங்க. நான் சொன்னது ஞாபகம் இருக்குங்களா?"

போனை வைத்தேன். முரளியைப் பார்த்தேன். அவன், தேன்மொழி விரலில் போடக் கொண்டுவந்த மோதிர டப்பாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். அந்த 'டக், டக்' சத்தம் என்னை என்னவோ செய்தது. எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"அண்ணே! அந்த முள்ளு எக்கேடோ கெட்டுப் போகட்டும்! என் தம்பிக்கு இதுவும் தட்டிப்போச்சுன்னா அப்புறம் எங்கண்ணே போய்ப் பொண்ணு தேடுவேன்? பத்தரைக்குள்ள போகலைன்னா எல்லாம் முடிஞ்சுது. உங்களுக்கு வண்டி பெரிசா, அவன் வாழ்க்கை பெரிசா?"

மாமா நடுவில் புகுந்தார். "ஏம்ப்பா, பேசாம நியூட்ரல்ல விட்டுடேன். சும்மா சர்ருன்னு போய்ச் சேர்ந்துடலாம்."

"நியூட்ரல்ல வுட்டா எஞ்சின் பொழச்சுக்கும் சார். அது பாட்டுக்குச் சொகமா ஓடிகினு வரும்" என்றார் ஜுரம் அண்ணன். "ஆனா எல்லா பாரமும் பிரேக்கு மேல பூடும். அது புடிக்காம போச்சுன்னா? உள்ள இத்தினி பேரு கீறீங்க. மாட்டேன் சார்."

மீட்டரை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு போய்ச் சால்வையை அவிழ்த்து, உதறி, மடித்து, அம்மாவிடம் கொடுத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்த மீட்டரின் மேல் போட்டு மூடினார். காற்றில் விலகாமல் ஓரங்களைச் செருகினார். "ஏறுங்க எல்லாரும். கியர்லயே எறக்குறேன். போறது போவட்டும்" என்றார்.

அதன் பிறகு அவர் நிறுத்தவில்லை. வாயில் "முருகா, முருகா" என்று ஓடிக்கொண்டிருந்தது. கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தது, துடைக்கத் துண்டு இல்லை. ஆனால் என்ன ஓட்டு! வளைவுக்கு வளைவு அளந்து வைத்த மாதிரி திரும்பினார். அம்மா மடியில் பூத்தட்டு அசையவில்லை. இந்த மனிதர் ரோட்டைப் பார்த்து ஓட்டினால் இப்படி ஓட்டுவாரா என்று எனக்கு ஆச்சரியம் ஒரு பக்கம். இதை எட்டரைக்கே செய்து தொலைத்திருக்கக் கூடாதா என்ற ஆத்திரம் ஒரு பக்கம்.

மண்டபத்து வாசலில் இறங்கியபோது பத்தரைக்குச் சில நிமிஷங்கள்தான் இருந்தன. தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஜுரம் அண்ணன் எஞ்சினை அணைக்கவில்லை. "ஆஃப் பண்ணா திரும்ப எயுந்திருக்காதும்மா, நீ போ" என்றார். துண்டை விலக்கிப் பார்க்கவும் தைரியமில்லாமல் வண்டிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த டீசல் எஞ்சின் வாசலில் நின்று தடதடத்த சத்தம் உள்ளே மேடை வரைக்கும் கேட்டது. நாதஸ்வரக்காரர் இரண்டு தடவை முறைத்தார்.

மேடையில் மாமா தட்டை நீட்டினார். தேன்மொழியின் அப்பா கையை நீட்டவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் பழைய சம்பவம் ஓடுவது எனக்கே தெரிந்தது. "ரொம்ப நெருங்கிருச்சுங்களே. இன்னும் ரெண்டு மூணு நிமிஷந்தான் இருக்குது. மனசுக்கு ஒப்பலைங்க" என்றார். மாமா கையில் தட்டு அந்தரத்தில் நின்றது. தேன்மொழி தலையைக் குனிந்துகொண்டாள். முரளி என்னைப் பார்த்தான். முப்பத்தாறு வயது ஆம்பளை, பரீட்சையில் ஃபெயிலான பையன் மாதிரி பார்த்தான்.

அப்போதுதான் வாசலிலிருந்து அந்தக் கூச்சல் வந்தது.

"வந்துட்ச்சு! உசுரு வந்துட்ச்சு!"

கையில் துண்டைக் கொடி மாதிரி ஆட்டிக்கொண்டு ஜுரம் அண்ணன் மண்டபத்துக்குள் ஓடி வந்தார். "பூட்ச்சுன்னு நெனச்சேன், திரும்ப வந்துட்ச்சு! இனிமே ஒண்ணும் ஆவாது! நடுவுல வந்து ஜம்முனு நின்னுகினு கீது!"

மண்டபமே எழுந்து நின்றுவிட்டது. யாருக்கு உசுரு போயிற்று, யாருக்கு வந்தது என்று ஒருவருக்கும் புரியவில்லை. என் அத்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். நான் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று நின்றேன். மலையடிவாரத்திலிருந்து சமதரையில் வந்ததில் எஞ்சின் தானாகவே பழைய சூட்டுக்கு வந்துவிட்டிருக்கிறது. இவர் இப்போதுதான் துணிந்து துண்டை விலக்கிப் பார்த்திருக்கிறார். அதைச் சொல்ல இந்த நேரம்தானா கிடைத்தது?

பெண்ணின் அத்தை ஒருவர் மேடை ஓரத்தில் நின்றிருந்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அண்ணா, நல்ல வாக்கு விழுந்திருச்சு! போன உசுரு வந்திருச்சு, இனி ஒண்ணும் ஆகாதுன்னு தட்டு நீட்டுற நேரத்துல சொல்லு வருது. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்? வாங்குங்க!"

தேன்மொழியின் அப்பா ஒரு விநாடி யோசித்தார். நிமிர்ந்து ஜுரம் அண்ணனைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு கையையும் நீட்டித் தட்டை வாங்கிக்கொண்டார். நாதஸ்வரம் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. முரளி கையில் மோதிர டப்பா திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது, தேன்மொழிதான் வாங்கித் திறந்து கொடுத்தாள்.

சாப்பாட்டுப் பந்தியில் முரளி போய் ஜுரம் அண்ணனை இழுத்து வந்து தன் பக்கத்தில் உட்கார வைத்தான். நான்தான் பரிமாறினேன். கோபம் இன்னும் ஆறவில்லை எனக்கு. இலையில் பாயசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டேன்.

"ஏண்ணே, எஞ்சின் செத்துடும்னுதானே நினைச்சீங்க?"

"ஆமாம்மா. நிச்சயமா பூடும்னுதான் நெனச்சேன். ஒரு தபா பார்த்திருக்கேனே."

"செத்திருந்தா முதலாளி உங்களை என்ன பண்ணியிருப்பார்?"

"சாவியைப் புடுங்கிட்டு அனுப்பியிருப்பாரு. அப்பால இன்னா, கடலுக்குப் போயி வாந்தி எடுத்துகினு கெடக்க வேண்டியதுதான்."

"அப்புறம் எதுக்கு ஓட்டினீங்க?"

பாயசத்தை விரலால் வழித்தபடி தலை நிமிராமல் சொன்னார். "போன தபா அந்தப் பொண்ணு வூட்ல வாணாம்னு போன் பண்ணப்போ, நீ கடைசி சீட்ல ஒக்காந்து திருப்போரூர் வரைக்கும் அழுதுகினே வந்தியே. யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சிகினு இருந்த. நான் முள்ளைத்தான் பார்க்கிறேன்னு எல்லாரும் சொல்லிகினு கீறீங்க. மேல கண்ணாடின்னு ஒண்ணு கீதும்மா."

கையில் பாயச வாளி இருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை. "இன்னும் கொஞ்சம் ஊத்தறேன், பேசாம சாப்பிடுங்க" என்று அதட்டினேன். அதட்டல் சரியாக வரவில்லை.

அந்த நேரம் பார்த்து தேன்மொழியின் அப்பா பந்தியை விசாரித்துக்கொண்டு வந்தார். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில், மாப்பிள்ளையின் இலையிலிருந்து அப்பளத்தை உரிமையாக எடுத்து நொறுக்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்து நின்றார். கொஞ்சம் மனத்தாங்கலோடு என்னிடம் கேட்டார்.

"ஏனுங்க, பையனுக்கு ஒரே அக்காதான்னு சொன்னீங்க. அண்ணன் இருக்காருன்னு சொல்லவே இல்லீங்களே?"

"இருக்காருங்க" என்றேன். "சொல்ல விட்டுப்போச்சு."